பதினோராம் வசனத்துக்கு முந்திய வசனம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் மாதம், ரேஷன் கார்டைத் தேடி என் மதினியின் பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதற்குள் மாத்திரை அட்டைகள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மாதாமாதம் அரசு மருத்துவமனை வரிசையில் நின்று வாங்கி வந்து அப்படியே பைக்குள் போட்டு வைத்திருக்கிறார். வெளியூரில் இருக்கிற மகன் வீடியோ காலில் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக.

மாத்திரை எண்ணிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. முப்பத்து மூன்று வருஷம் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றேன். மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எனக்குப் புதிது கிடையாது. காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டியதை, இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது என்று விட்டவர்கள், மறந்தவர்கள், பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள் எல்லாரையும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதட்டியிருக்கிறேன். ஆனால் ஜெபத்தின் பேரில் நிறுத்தியவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். அதைப் பார்த்தால் அதட்ட வாய் வராது.

மதினியின் முகத்தில் அந்தத் தெளிச்சியை நான் கவனிக்கவில்லை. கவனிக்கிற அளவுக்கு அங்கே போகவில்லை.

அவர் இடது காலில் செருப்பு கடித்த புண் ஒன்று இருந்தது. ஒரு மாதமாக ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். கால் பிழைத்தது, அதற்குக் கர்த்தருக்கும் அந்த அறுவை டாக்டருக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

வார்டில் வைத்து ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பேன். மதினி படுத்தபடியே சொன்னார்: "சுகம் கெடச்சாச்சுன்னு ஜெபத்துல சொன்னாவ. அதுக்கப்புறமும் மாத்திரை போட்டா அவிசுவாசம்லா?" பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "கோவப்படாத. அவிய தெனமும் வந்தாவ. ஒங்க அண்ணன் போனதுக்கப்புறம் நீ எத்தன நாள் வந்த?"

அண்ணன் இறந்த அன்று எங்கள் கோயில் மணி அடித்தது. ஐயர் வந்தார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். அடக்க ஆராதனை முறையாக நடந்தது, பாடகர் குழு பாடியது, பெண்கள் சங்கத்தார் வந்து உட்கார்ந்து போனார்கள். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. நான் மாதம் ஒரு தடவை போனேன், அதுவும் கால் மணி நேரம். பக்கத்துத் தெருவில் வாடகை வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களில் இரண்டு பெண்கள் தினமும் சாயங்காலம் போனார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், தலை வாரிவிட்டார்கள், கூட உட்கார்ந்து அழுதார்கள். அந்தப் பெண்களின் அன்பை நான் சந்தேகப்படவில்லை. அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் கஞ்சி கொடுத்திருப்பார்கள். சில மாதம் கழித்து அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் வந்து தலையில் கை வைத்து, சர்க்கரை வியாதி நீங்கிவிட்டது என்று அறிவித்தார். இரண்டு பவுன் வளையல் விதைக் காணிக்கையாகப் போனது. சாட்சி சொல்ல மேடை ஏற்றினார்கள். மேடையில் சுகம் என்று சொல்லிவிட்ட மனுஷி வீட்டுக்கு வந்து மாத்திரையை எப்படி விழுங்குவார்?

சபைக்குள் துருபதேசம், அதாவது தவறான போதனை, எப்படி நுழைகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டக்கூடியது இந்த ஒரு வீட்டைத்தான். பிரசங்க மேடை வழியாக அது நுழைவது அரிது. யாரும் எட்டிப் பார்க்காத வீட்டின் நடை வழியாக, கையில் கஞ்சிச் சட்டியோடு வருகிறது.

அந்த பீரோவில் இன்னொன்றும் இருந்தது. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த வாக்குத்தத்த அட்டை. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்குச் சொல்கிறேன்: டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைகளில் ஒரு தட்டில் சிறு அட்டைகளை வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ அது அந்த வருஷம் முழுக்க அவருக்கு ஆண்டவர் தந்த வாக்கு. மதினிக்கு வந்தது எரேமியா 29:11. தீமைக்கான நினைவுகள் இல்லை, சமாதானத்துக்கான நினைவுகளே உன்மேல் எனக்கு உண்டு என்ற பொருளில் கடவுள் பேசுகிற வசனம். ஓரத்தில் ஒரு ரோஜாப் பூ. கையெழுத்து என்னுடையது. எங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் டிசம்பரில் உட்கார்ந்து அட்டை வெட்டி எழுதுவோம், இருபது வருஷத்துக்கு மேலாக. அந்த வசனத்தை மட்டும் எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன் என்று தெரியாது.

மாத்திரை போடாமல் இருக்கத் தைரியம் வேண்டும்போதெல்லாம் மதினி பீரோவைத் திறந்து அதைப் பார்த்துக்கொள்வாராம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து எரேமியாவை எடுத்து வைத்து வாசித்தேன். பதினோராம் வசனத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தினது, அதற்கு முந்தின அதிகாரம் என்று பின்னால் போனேன். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான், ஆனாலும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் ராஜாவையும் கைவினைஞர்களையும் ஆலயப் பாத்திரங்களையும் வாரிக்கொண்டு போனான். மிச்சமிருந்தவர்கள் நடுவில் இரண்டு பேர் எழும்பினார்கள். ஒருவர் எரேமியா. பாபிலோனின் நுகத்துக்குக் கீழே இருந்துதான் ஆக வேண்டும் என்று காட்ட, மரத்தில் நுகம் செய்து தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார். மற்றவர் கிபியோன் ஊர்க்காரரான அனனியா. ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருந்த ஆலயத்திலேயே அவர் எழுந்து நின்று, இரண்டே வருஷம், ராஜாவும் பாத்திரங்களும் சிறைப்பட்டுப் போனவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கடவுளின் பேரால் அறிவித்தார். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தார். கூட்டம் எப்படி ஆர்ப்பரித்திருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, இன்றைய மைதானக் கூட்டங்களில் பார்க்கிறோம். என் மனசைத் தொட்டது எரேமியா செய்த காரியம். அனனியா பேசி முடித்ததும் அவர் முதலில் ஆமென் என்றார். அப்படியே ஆகட்டும், கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்றார். அவருக்கும் ஆசை இருந்தது. அந்த வாக்கு உண்மையாக இருக்கக் கூடாதா என்று அவர் மனசும் ஏங்கியது. ஆனால் ஆசைப்பட்டதாலேயே அது உண்மையாகிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு அடுத்த அதிகாரம்தான் 29. பாபிலோனில் இருக்கிறவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த அந்நிய ஊர் நன்றாக இருக்க ஜெபம் செய்யுங்கள், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகளின் பேச்சுக்கு ஏமாந்துபோகாதேயுங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்து, பத்தாம் வசனத்தில் கணக்கைச் சொல்கிறார்: எழுபது வருஷம். அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் யாரும் உயிரோடு ஊர் திரும்ப முடியாத கணக்கு. அதற்குப் பிறகுதான் பதினோராம் வசனம் வருகிறது.

எழுபது வருஷத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு, ஆறுதலை மட்டும் ரோஜாப் பூவோடு அட்டையில் எழுதிக் கொடுத்தவள் நான். எரேமியாவின் வாக்கியம்தான், ஆனால் மதினியின் கைக்கு வந்து சேர்ந்தபோது அது அனனியாவின் வாக்காக மாறியிருந்தது. வாடகை வீட்டுப் போதகர் புதிதாக எதையும் விதைக்கவில்லை. நாங்கள் உழுது போட்ட நிலத்தில் விதைத்தார்.

இதை எழுதுகிறபோது எங்கள் சபையிலேயே சிலர் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். தவறாகப் போதிக்கிறவர்களைக் கண்டிப்பதை விட்டுவிட்டு நம்மையே குறை சொல்வதா என்பார்கள். கண்டிக்க வேண்டியதைக் கண்டித்தே ஆக வேண்டும், அதில் எனக்கு மயக்கம் இல்லை. சுகமாகிவிட்டாய், மருந்தை நிறுத்து என்று ஒரு நோயாளியிடம் சொல்கிறவர், அவர் எந்தச் சபைக்காரராக இருந்தாலும், பொய் சொல்கிறார். காணிக்கை போட்டால் கடன் தீரும் என்கிறவரும் அப்படித்தான். இன்சுலினை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வியாக்கியான நூல் எதுவும் தேவையில்லை.

ஆனால் எங்கள் சபைகள் வழக்கமாகச் செய்கிற கண்டிப்பு வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு அறிவிப்பாக, வெளிக் கூட்டங்களுக்குப் போகாதேயுங்கள் என்று ஒரு வரி. சில ஊர்களில், அங்கே போனால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்ற மிரட்டல். பெந்தெகொஸ்தே என்றாலே துருபதேசம் என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுகிற பேச்சு. மதினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோவை ஓட்டியவர் ஒரு சிறு பெந்தெகொஸ்தே சபையின் போதகர்தான், வார நாளில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவர். புண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. போகிற வழியெல்லாம் ஜெபம் செய்தார், ஆனால் வண்டியை ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார்.

எங்களை விட்டுப் பிரிந்தவர்கள் எல்லாரையும் கள்ளர் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு எங்கள் மண்ணிலேயே வரலாறு இருக்கிறது. எங்கள் பக்கத்து நாசரேத் ஊருக்கு அருகில், பிரகாசபுரத்தில், 1857இல் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனெரிகளின் அதிகாரத்தை உதறிவிட்டுத் தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஆராதனை அவர்களுக்கு. அந்தப் போதனையில் எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பிரிவுக்குப் பின்னால், தங்களைத் தாழ்வாக நடத்திய வெள்ளைக்காரக் குருமார்மேல் ஒரு ஜனத்துக்கு இருந்த நியாயமான கோபமும் இருந்தது. போதனை கெடுகிற இடத்தைத் தோண்டினால் பல நேரங்களில் உறவு கெட்ட இடம்தான் முதலில் தட்டுப்படும்.

போதிக்கிறவர்கள் எல்லாரும் திட்டமிட்டு ஏமாற்றுகிறவர்கள் என்று நினைப்பதும் தவறு. 1860இல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த எழுப்புதல், பிற்பாடு திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே அதை முன்னின்று நடத்தியவர், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி ஆங்கிலிக்கன் குருவான யுஸ்துஸ் யோசேப்பு. வித்துவான் குட்டி என்று மக்கள் அழைத்த பெரிய கவிஞர். அவர் எழுதிய கீர்த்தனைகளை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவ்வளவு வரம் பெற்றவர், 1881இல் கிறிஸ்து வருவார் என்று கூட இருந்தவர் கண்ட தரிசனத்தை நம்பினார், போதித்தார், ஒரு கூட்டம் அவர் பின்னால் போனது. 1881 வந்தது, போனது. தவறிவிட்டோம் என்று சொல்லுவதற்குப் பதிலாக, யுயோமயம் என்று ஒரு புது மார்க்கமே பிறந்தது. அந்த மனுஷனை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, துக்கம்தான் வருகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஐயா, அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று இருக்கிறதே என்று எடுத்துக் காட்ட ஒரு மூப்பர் இருந்திருந்தால் என்று தோன்றுகிறது. அல்லது, ஒருவர் இருந்தும் அவர் பேச்சு எடுபடவில்லையோ.

தெரிந்தே ஏமாற்றியவர்களும் இல்லாமல் இல்லை. தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28 அன்று விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று ஒரு போதகர் அறிவித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் நம்பினார்கள், வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அவரைக் கைது செய்து பார்த்தபோது, அந்த நாளுக்கு அப்புறம் மாதக்கணக்கில் கழித்து முதிர்கிற கடன் பத்திரங்கள் அவர் கையில் இருந்தன. கென்யாவில் ஷகஹோலா காட்டுக்குள் பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதித்த கூட்டத்தில், 2023இலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அந்தப் போதகர் முதல் நாளே சாப்பிடாதே என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம் என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்த பையை என்னால் சின்ன விஷயம் என்று நினைக்க முடியாதது இதனால்தான்.

அரசாங்கம் சட்டம் போட்டால் சரியாகிவிடாதா என்று என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர் கேட்டார். ருவாண்டாவில் 2018இல் சபை நடத்துகிறவர்களுக்கு இறையியல் பட்டம் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் அப்படி வருவதை நான் விரும்பவில்லை. எது சரியான உபதேசம் என்று தாசில்தார் தீர்மானிக்கிற நாள் எந்த மதத்துக்கும் நல்ல நாளாக இருக்காது, நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அந்த உரிமையை மதப் பிரிவுகளிடம் விட்டு வைத்திருப்பது யோசித்துச் செய்த காரியம். ஏமாற்றி நகை வாங்கினால் அது குற்றம், போலீஸ் பார்க்கட்டும். மற்றதைச் சபைதான் பார்க்க வேண்டும். பட்டம் இருக்கிறவர்களும் தவறாகப் போதித்திருக்கிறார்கள், வித்துவான் குட்டி படிக்காதவரா?

சபை எப்படிப் பார்த்தது என்பதற்கு மிகப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு அப்போஸ்தலரின் போதனை என்று ஒரு சிறு நூல், முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது அதற்குச் சற்றுப் பிந்தியது என்பார்கள். 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் அது கிடைத்தது. ஊர் ஊராக வருகிற போதகர்களை எப்படிச் சோதிப்பது என்று அதில் சட்டம் இருக்கிறது. வந்தவரை ஏற்றுக்கொள், ஒரு நாள் தங்கட்டும், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் அப்பம் கொடு, அதற்கு மேல் வேண்டாம். பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. இல்லாதவருக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும் யாரும் அவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத அடிமைகளும் ஏழைகளும் நிறைந்த சபைக்குக் கொடுத்த அளவுகோல். திரித்துவக் கோட்பாட்டில் தேர்வு வைக்கச் சொல்லவில்லை. எத்தனை நாள் தங்குகிறார், யாருக்காகக் கேட்கிறார் என்று பார்க்கச் சொன்னது. எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தில் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, வளையலைக் கேட்டவன் அன்னைக்கே மாட்டியிருப்பான் என்றார்.

ஆனால் சோதிக்கத் தெரிந்தால் மட்டும் போதும் என்று வேதம் சொல்லவில்லை. எபேசு சபையின் கதை அப்படி. பவுல் அந்தச் சபையின் மூப்பர்களை மிலேத்து துறைமுகத்துக்கு வரவழைத்து, நான் போன பிறகு கொடிய ஓநாய்கள் வரும், உங்களுக்குள்ளேயே தவறாகப் பேசுகிறவர்கள் எழும்புவார்கள் என்று கண்ணீரோடு எச்சரித்துவிட்டுக் கப்பல் ஏறினார். அவர்கள் அதை மறக்கவில்லை. சுமார் நாற்பது வருஷம் கழித்து எழுதப்பட்ட வெளிப்படுத்தின விசேஷத்தில் அதே எபேசு சபைக்கு ஒரு கடிதம் வருகிறது. தங்களை அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்ட பொய்யரைச் சோதித்துக் கண்டுபிடித்தாய் என்று அதில் பாராட்டு இருக்கிறது. உடனே, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டாய், மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டையே எடுத்துவிடுவேன் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ஓநாயைச் சரியாக அடையாளம் கண்ட சபை, ஆடுகளை நேசிப்பதை விட்டுவிட்டது. எங்கள் சபைத் தேர்தல் வருகிறபோது மூப்பர்கள் எல்லா வீட்டுக்கும் போகிறார்கள். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கே தெரிந்திருக்கவில்லையே, அந்த மாத்திரையைக் கொடுக்கிறவளுக்கு.

முன்பு இப்படி இருக்கவில்லை என்று என் அம்மா சொல்லுவார். தேரிக்காட்டு ஊர்களில் பனையேறுகிறவர்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும்தான் சபை. சாயங்காலம் மணி அடித்தால் உபதேசியார் வந்து நிற்பார். பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் ஞானோபதேச வினாவிடையை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாள் உபதேசியார் வீட்டுக்கே வந்து அடுப்படி வாசலில் நின்று கேட்பார். அந்த வினாவிடைப் பழக்கத்துக்கு ஒரு வேர் உண்டு. மார்ட்டின் லூத்தர் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போய், அங்கே ஜனங்களுக்கும் குருமாருக்கும் அடிப்படை ஒன்றும் தெரியவில்லை என்று கண்ட அதிர்ச்சியில்தான் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். போய்ப் பார்த்ததில் பிறந்த புத்தகம் அது. இன்று எங்கள் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. பெரியவர்களுக்குத் தினம் ஒரு வாக்குத்தத்தம் செல்போனில் வருகிறது, பின்னணி இசையோடு. ஒரு அதிகாரத்தை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் எங்கள் கோயிலில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

கேள்வி கேட்கவும் இடம் இல்லை. பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா ஊர்க்காரர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் மெச்சுகிறது. எங்கள் கோயிலில் பிரசங்கம் முடிந்ததும் ஒரு வாலிபன் எழுந்து, ஐயா, அந்த வசனம் அப்படியா சொல்கிறது என்று கேட்டால் மூப்பர்கள் அவனைக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். சொந்தப் போதகரிடம் கேள்வி கேட்டுப் பழகாதவன் வெளிப் போதகரிடம் எப்படிக் கேட்பான்? கேட்காமல் நம்புவதையே விசுவாசம் என்று அவனுக்கு நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்.

என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன். போன டிசம்பரில் நான் அட்டை எழுதவில்லை. ஆசிரியைகள் கூட்டத்தில் காரணத்தைச் சொன்னேன். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் அட்டை இல்லாவிட்டால் ஜனங்கள் வருத்தப்படுவார்கள் என்றார்கள். கடைசியில் ஐயர் ஒரு வழி சொன்னார்: வசனத்துக்குப் பதிலாக அதிகாரத்தின் எண்ணை மட்டும் எழுதுவது, வீட்டுக்குப் போய் முழு அதிகாரத்தையும் வாசிக்கட்டும். அப்படியே செய்தோம். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கோயில் வாசலில் சிலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் வாடிப் போனதைக் கண்டேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

தனியாக இருக்கிற பன்னிரண்டு வீடுகளை மூன்று பேராகப் பங்கிட்டுக்கொண்டோம். வாரம் ஒரு தடவையாவது போக வேண்டும், ஜெபம் செய்ய வேண்டும், மாத்திரையைப் பார்க்க வேண்டும். மருந்து டப்பாவை மேஜைமேல் கொண்டுவந்து வைக்கச் சொல்லி, அதன்மேல் கை வைத்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் ஜெபத்தை முடிக்கிறோம். அந்த வாடகை வீட்டுக் கூட்டத்துக்கு இன்னும் போகிற இரண்டு பெண்களில் ஒருவர் எங்களோடும் வருகிறார். அவர் வராமல் இருந்தால் மதினி தேடுகிறார். வா என்றோம். கஞ்சி வைக்க அவரை மிஞ்ச எங்களில் யாருமில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மதினி வீட்டில் வேத வாசிப்பு. ஒரு தடவைக்கு ஒரு அதிகாரம், யாரும் எதையும் கேட்கலாம். எரேமியாவில்தான் தொடங்கினோம். போன வாரம் 32ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோன் சேனை சூழ்ந்து நிற்கிறது, எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். பிடிபடப்போகிற தேசத்தில், ஆனதோத்தில் இருக்கிற சொந்தக்காரர் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துக் கிரயம் வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொல்லித் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார்.

பதினேழு சேக்கல் என்றால் எவ்வளவு என்று மதினி கேட்டார். சேக்கல் ஒன்று பதினோரு கிராம் வாக்கில், மொத்தம் நூற்றுத் தொண்ணூறு கிராம் வெள்ளி இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். கட்டுப்போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டியபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்த நெலத்துக்கு அவரு போனாரா?"

"போகல மதினி. கடைசியில எகிப்துக்குத்தான் கொண்டுபோனாவ."

"போக முடியாதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"எழுபது வருஷம்னு அவருதான எழுதுனாரு."

"தெரிஞ்சுதான் வாங்குனாரா?" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை வாசி என்றார்.